நீல வார்ச் செருப்பு

முதலில் கால்கள்தான் தெரிந்தன.

தட்டு ஏந்தி நிற்பவள் விருந்தினரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. தலை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நாள் ஒத்திகை பார்த்தார்கள் இதற்கு.

சக்கர நாற்காலியில் இரண்டு கால்கள். இடது காலில் தோல் செருப்பு. வலது காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. பெண்கள் போடுவது. குதிகால் பாதி வெளியே நின்றது.

அந்த நீல வாரை அவளுக்குத் தெரியும். ஈரத்தில் வழுக்காத செருப்பாக வேண்டும் என்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கி அம்மாவுக்கு வாங்கியது.

நிமிர்ந்தாள்.

அப்பா.

தோளில் பொன்னாடை. பக்கத்தில் யாரோ நீட்டிய மோர். இடது கையில், அவள் வேலை பார்க்கும் இந்த ஜவுளிக்கடையின் மஞ்சள் கட்டைப்பை. பை காலியாக இருந்தது.

இரண்டு வருடமாக அப்பா தனியாக வாசற்படி தாண்டியதில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை ஒத்துழைப்பதில்லை. வார்த்தையும் நேரத்துக்கு வருவதில்லை. ஆட்டோக்காரரிடம் வாயால் இடம் சொல்லியிருக்க முடியாது. பையைக் காட்டியிருக்கிறார். அதில் கடையின் பெயரும் தெருவும் அச்சடித்திருக்கும்.

வாசலில் நின்றவர்களும் அதே பையைப் பார்த்திருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளர் என்று கடையின் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கடையில் மூத்தோர் வாரம். அவர் தலைக்கு மேலே பேனர் தொங்கியது.

உங்கள் பெற்றோர் எங்களுக்கும் பெற்றோர்.

அப்பா வாயைத் திறந்தார்.

"அ..." என்றார். "அ... அ..."

மைக் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பாத்தீங்களா மக்களே! ஐயாவுக்கு சந்தோசத்துல பேச்சே வரல! ஜோரா ஒரு கைதட்டு!"

தட்டினார்கள்.

காலை எட்டே முக்காலுக்கே அவள் போன் பின்வாசல் பெட்டிக்குள் போய்விட்டது. எல்லோருடையதும் அப்படித்தான். பதிலுக்கு எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. கடை அடைத்த பிறகு வில்லையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பட்டன் போனையாவது இடுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று மூன்று முறை கேட்டிருந்தாள். மாடி மேனேஜர் செல்வின் சிரித்தார். "ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாவளும் எங்கம்மை எங்கய்யான்னு வந்து நிப்பாளுவ. நாங்க கடை நடத்தவா, ஆசுவத்திரி நடத்தவா?"

கடையின் எண்ணை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். அதில் பதிவு செய்த குரல்தான் பேசும். பட்டுக்கு ஒன்றை அழுத்தவும். திருமணப் பட்டுக்கு இரண்டை அழுத்தவும்.

அப்பா எதை அழுத்தியிருப்பார்?

"மேடம், தட்டைக் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றான் படம் எடுப்பவன்.

தூக்கினாள்.

கை தானாகவே தூக்கியது. பதினோரு வருடப் பழக்கம். பெற்ற தகப்பன் எதிரே திணறிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கை கடையின் கையாகத்தான் இருந்தது.

வெளிச்சம் பளிச்சிட்டது. அதில் அப்பாவின் வேட்டியைப் பார்த்தாள். முழங்கால்வரை ஈரம். சோப்பு நுரை காய்ந்த கோடு.

தட்டைத் தரையில் வைத்தாள். மண்டியிட்டாள்.

"அப்பா."

அவர் கண்கள் அவளைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆனது.

"ஏட்டி... போன... எடுக்கலியே."

"என்னாச்சுப்பா?"

"அம்மை... பாத்ரூம்ல..." உதடு கோணியது. "எந்திக்க... மாட்டேங்கா."

செல்வின் ஓடிவந்தார். "ஒங்கய்யாவா? சொல்லவே இல்லயே! இன்னும் நல்லதாப் போச்சு. நம்ம ஸ்டாஃபோட அய்யாவுக்கே மரியாதைன்னு போடலாம்."

"எங்கம்மா விழுந்து கெடக்கா சார்."

"அடடா." அவர் முகம் வாடத்தான் செய்தது. கண் மட்டும் வாசலுக்குப் போய் வந்தது. "மொதலாளி வந்துட்டு இருக்காவ. ஒரே ஒரு படம். அத முடிச்சிட்டு பெர்மிஷன் எழுதிக் குடுத்துட்டு ஓடிரு. என்ன?"

அவள் பேனரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத நீங்க ஒரு தடவையாவது வாசிச்சியளா சார்?"

அவருக்குப் புரியவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதோ என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் நாற்காலியைத் திருப்பித் தள்ளினாள். கூட்டம் வழி விட்டது. இதுவும் விழாவின் பகுதி என்று நினைத்து இரண்டு பேர் மறுபடி தட்டினார்கள்.

கண்ணாடிக் கதவருகே காவலாளி கையை நீட்டினார். "எக்கா, சேர் கடைக்குள்ள மட்டுந்தான். வெளிய போகக் கூடாது."

நாற்காலி நிற்கவில்லை. அவர்தான் விலகினார்.

அப்பாவை ஏற்றி வந்த ஆட்டோ புளியமர நிழலில் நின்றிருந்தது. ஓட்டுநரின் போனை வாங்கி நூற்றியெட்டுக்கு வீட்டு விலாசம் சொன்னாள். நாற்காலியை அவரே மடக்கிப் பின்னால் திணித்தார்.

"அண்ணே, எங்கப்பா உள்ள போயி எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணிக்கூறு இருக்கும்மா. வண்டி நின்னதுமே கும்பிட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் ஏதோ விசேஷ வீட்டு ஆளுன்னுல்லா நெனச்சேன்."

அரை மணி நேரம்.

இடுப்பில் செருகியிருந்த பித்தளை வில்லையை எடுத்தாள். வெளியே எறியத் தோன்றியது. எறியவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளிம்பு சதையில் பதிந்தது.

ஆட்டோ பாலத்தில் ஏறியது.

அப்பா குனிந்தார். இடது கையால் வலது காலிலிருந்து அம்மாவின் செருப்பைக் கழற்றி மடியில் வைத்தார். தோளிலிருந்த பொன்னாடையை இழுத்தார். ஜரிகை ஓரத்தால் நீல வாரைத் துடைத்தார். பிறகு அடிப்பக்கத்தை.

ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே வந்தார்.