வில்லை இல்லாத சைக்கிள்

"சைக்கிள் வரியை எடுத்துடப் போறாங்களாம். வசூல் ஆகுறதைவிட வசூல் பண்ற செலவு ஜாஸ்தியாம்," என்றார் கார்ப்பரேஷன் வரி இன்ஸ்பெக்டர் யூஜின், பெருமூச்சுடன்.

மனைவி மௌரீன் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஆஸ்டின் டவுன் முனையில, வரி கட்டினதுக்கு மாட்டுற வில்லை இல்லைன்னு என் சைக்கிளை எத்தனை தடவை நிறுத்தியிருப்பீங்க!"

"'வீட்டுல மறந்துட்டேன் சார்'னு நிப்பியே!"

மௌரீன் தையல் டப்பாவிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து நீட்டினாள். அதில் திருகு பட்ட தடமே இல்லை.

"மறக்கலைங்க. ஹேண்ட்பேக்லதான் வச்சிருந்தேன். சைக்கிள்ல மாட்டியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

யூஜின் வில்லையை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும், மௌரீன். உங்கப்பாகிட்ட வரி வாங்கிட்டு, இந்த வில்லையைக் கொடுத்ததே நான்தானே!"