பழைய வெட்டு

குளிர்காலம் தொடங்குவதால் சிங்கிப் பொறிகளையெல்லாம் கரைக்கு எடுத்துப்போகும் நாள் அது. கடைசிப் பொறியில் ஒரே ஒரு சிங்கி இறால் இருந்தது. படகுக்காரர் ததேயு அதைப் புரட்டிப் பார்த்தார். பெண். வயிற்றில் முட்டை இல்லை. வால் மடலில் மட்டும் ஒரு வடு. முட்டையோடு அகப்படும் சிங்கியின் வாலில் தாய் என்ற அடையாளத்துக்கு முக்கோணமாக ஒரு வெட்டுப் போட்டுக் கடலில் விடுவது அந்தக் குளிர்கடலின் வழக்கம். அந்த வெட்டு உள்ளதை அப்புறம் யார் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும். சிங்கி வளர்ந்து பழைய ஓட்டைக் கழற்றக் கழற்ற வெட்டு மூடிக்கொண்டே வரும். இது அநேகமாக மூடியிருந்தது. “இத வெட்டுன்னு எவனும் சொல்ல மாட்டான், புள்ள. கொண்டு போ,” என்றார், படகில் கூட வந்திருந்த கடல் ஆய்வாளர் புளோராவிடம். அவளுக்கு ஒரு தாய்ச் சிங்கியின் உடல் வேண்டும். அறுத்துச் சினைப்பையைக் காட்டாவிட்டால், இந்த வளைகுடாவில் இனி தாயே இல்லையென்று சொல்லி, அதிகாரிகள் அதை இழுவைப் படகுகளுக்குத் திறந்துவிடுவார்கள். அவள் கத்தியை எடுத்தாள். கையுறையைக் கழற்றி, வடுவைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு பழைய வெட்டின் மேலேயே ஆழமாக வெட்டி, சிங்கியைத் தண்ணீரில் விட்டாள். வடுவோடு வந்த நகத்தளவு ஓட்டுத்துண்டு உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. “இந்தத் துண்ட வெச்சு நம்புவாங்களா?” என்றார் ததேயு. “நம்பலன்னா அவங்கள இங்கயே கூட்டிட்டு வருவேன், அண்ணே.” “இந்தக் குளிர்லயா?” அவள் துண்டைக் குப்பியில் போட்டு இறுக மூடினாள். ததேயு, கரைக்கு எடுத்துப்போகக் கட்டியிருந்த அந்தக் கடைசிப் பொறியை அவிழ்த்து, புது இரை வைத்து, அதே இடத்தில் இறக்கினார்.