பெட்டிக்கு வெளியே ஒரு குழந்தை

பிரெஞ்சுத் தீவு ஊரான சேன் பியேரின் கல்லறைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, சென்னையிலிருந்து வந்த ஜம்புநாதனுடையது.

"பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி, ஜினெட். குடும்பம், அதுக்குள்ள கல்லறை, அதுக்குள்ள ஆள். குடும்பமில்லாம ஆளே கிடையாது!" என்று தட்டச்சுப் பெண்ணுக்கு விளக்கினார்.

ஆனால் தினமும் காலையில், எந்தக் குடும்பத்திலும் சேராத ஒரு குழந்தையின் பதிவு திரையில் நின்றது. பெயரில்லை, இறந்த ஆண்டு 1974 என்பது மட்டும். அழித்தால், மறுநாள் மீண்டும் வந்தது. அவர் ஜினெட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பேய், மிசியே?" என்று சிரித்தாள் ஜினெட்.

ஒருநாள் அவர் சீக்கிரமே வந்தார். ஜினெட் அந்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க குடும்பக் கல்லறைல என் பாப்பாவுக்கு இடமில்ல சொன்னாங்க, மிசியே. உங்க பெட்டிலயும் இல்லையா?"

ஜம்புநாதன் அன்றே பெட்டிகளைப் பிரித்தார். ஆளுக்கொரு தனிப் பதிவு. குடும்பம் அதில் ஒரு குறிப்பு மட்டும்.

"முதல் பதிவுக்குப் பேர் சொல்லும்மா," என்றார்.