சீனி போடாத பிளேன்டீ

"அந்தக் கியரைக் கழட்ட ஏலாது, தங்கச்சி! எத்தனையோ பேர் பாத்துட்டாங்க. கழட்டினா மோட்டரைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க," என்றார் அக்குறணைப் பழைய சாமான் கடைக்காரர் நிஸ்தார்.

விதுர்ஷா வீட்டில் செய்துகொண்டிருக்கும் குட்டி ராட்டினத்துக்கு அந்த மோட்டர்தான் வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் கியர் அதன் தண்டை விடுவதாயில்லை. குறட்டால் இழுத்து இழுத்துக் கை சிவந்ததுதான் மிச்சம்.

"நானா, ஒரு பிளேன்டீ கிடைக்குமா? கொதிக்கக் கொதிக்க. சீனி வேணாம்."

"களைச்சிட்டீங்க," என்று சிரித்தபடி கொண்டுவந்தார். "இந்த வயசுலயே சீனி வருத்தம் வந்துட்டா?"

அவள் குடிக்கவில்லை. மோட்டரைக் கவிழ்த்து, கியரை மட்டும் தேநீரில் முக்கினாள். சற்றுப் பொறுத்து, குறட்டால் இழுத்தாள். சூட்டில் இளகிய கியர் வழுக்கிக்கொண்டு வந்தது!

நிஸ்தார் வாய்பிளந்து நின்றார்.

மோட்டரைப் பைக்குள் போட்டபடி விதுர்ஷா சொன்னாள்: "வருத்தமெல்லாம் இல்ல, நானா. சீனி போட்டா மோட்டர் பிசுபிசுக்கும்."