கூட வந்தவள்

“துளசியம்மாவா? ஐயோ, வேண்டவே வேண்டாம் அத்தை!”

தனுஜாவுக்குத் தலைப்பிரசவம். இன்னும் மூன்றே வாரம். கிளினிக்கில் எல்லோரும் மிஸி என்று கூப்பிடும் நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

“சுகப்பிரசவத்துக்குத் தைரியம் வேணும். மூணு பேரை இப்பவே பார்த்துப் பழக்கி வச்சிக்குங்க. வண்டிக்கு ஒருத்தர், வீட்டுக்கு ஒருத்தர், பிரசவ அறையில உங்க கூட இருக்க ஒருத்தர்.”

வண்டிக்கு எதிர்வீட்டு ஹரிதாஸ். வீட்டுக்கு மாமியார் திலகம். புருஷன் மகேன் காய்கறி லோரியோடு வாரத்தில் பாதி நாள் கோலாலம்பூரில் கிடப்பவன். அவன் வரும்வரை வலி காத்திருக்காது. கூட இருக்க, தோழி ப்ரியாவின் பெயரை எழுதியிருந்தாள் தனுஜா. ப்ரியா ஈயைக்கூட அதட்ட மாட்டாள்.

மாமியார் அந்தப் பெயரை அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுத் துளசியின் பெயரை எழுதிவிட்டாள்.

துளசியின் வாய் அந்தத் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பிரசித்தம். அவள் கொழுந்து எடுக்கும் மலையில் கங்காணியே அடக்கி வாசிப்பார்.

“அவங்க பேச்சைக் கேட்டாலே பயமா இருக்கு அத்தை. வலியில கத்துனா அறைஞ்சிருவாங்க.”

“அறையட்டும். அவதான் வருவா லா.”

மகேனிடம் போனில் அழுதாள். “அம்மா ஒண்ணு சொன்னா சொன்னதுதான், உனக்குத் தெரியாதா?” என்று அவன் நழுவிவிட்டான்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. துளசி இடுப்பைத் தேய்த்த தேய்ப்பில் தோலே உரிந்துவிடும் போலிருந்தது.

“இப்ப வலி வந்திருக்குன்னு வச்சிக்க. எங்க வலிக்குது?”

“இங்க... லேசா...”

“எப்படி வலிக்குது? எத்தனை நிமிசத்துக்கு ஒரு தடவை?”

தனுஜா பயத்தில் சும்மா தலையை ஆட்டினாள்.

“தலையாட்டாத! வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு!”

இப்படித் தினமும். தனுஜா தூக்கத்தைத் தொலைத்தாள். இந்தப் பிரசவத்தில் செத்துப்போய்விடுவோம் என்றே முடிவு கட்டிவிட்டாள். சாவதுகூடப் பரவாயில்லை. கடைசியாகப் பார்க்கிற முகம் துளசியின் முகமாக இருக்குமே என்பதுதான் தாங்கவில்லை.

வலி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பிரிஞ்சாங் ஊரில், ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஹரிதாஸ் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான். துளசி வேனிலிருந்து குதித்து, கார் காராகக் கண்ணாடியைத் தட்டி, மலாயில் கத்தி வழி வாங்கினாள். தனுஜா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் திலகமும் கூட வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் உள்ளே அனுமதி.

“அத்தை, நீங்களே வாங்க அத்தை! உங்க கால்ல விழறேன்!”

திலகத்தின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும் வாசலிலேயே நின்றுகொண்டாள். துளசிதான் உள்ளே போனாள்.

வலி ஏறிக்கொண்டே போனது. அடுத்த கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்த மிஸி, தாங்க முடிகிறதா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று மலாயில் கேட்டாள். அந்த வலியில் தனுஜாவுக்குத் தமிழே வரவில்லை, மலாய் எங்கே வரும்? தலையை ஆட்டிவைத்தாள்.

“தாக் போலே!”

முடியாது என்று துளசி போட்ட சத்தத்தில் அந்த அறையே திரும்பிப் பார்த்தது. “பொறுக்க முடியாது மிஸி! பனிக்குடத் தண்ணி பச்சையா போகுது, பாருங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே!”

டாக்டர் ஓடி வந்தார். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு தனுஜாவுக்கு நினைவிருப்பதெல்லாம், “முக்குடி! விடாத! இன்னும் ஒரு தடவை!” என்ற துளசியின் குரலும், தன் கையை நொறுக்கிய அவள் பிடியும்தான்.

குழந்தை வந்தது. சத்தமில்லை.

பிறகு வீரிட்டு அழுதது. பெண் குழந்தை.

சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் திலகம்.

“இன்னும் அரை மணி போயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு அத்தை. துளசியம்மாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது, இல்ல?”

“அவளுக்கா? அவளை மாதிரி பயந்தவ நம்ம லயத்து வீடுகள்லயே கிடையாது.”

தனுஜாவுக்குப் புரியவில்லை. திலகம் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

“மகேனுக்கு முன்னாடி எனக்கும் ஒரு பொண்ணு. அன்னிக்கு வலியில எனக்கு வாயே திறக்கல. கூட வந்தவளுக்கு மலாய்ல தெரிஞ்சது ‘முடியும்’னு சொல்ற ‘போலே’ ஒண்ணுதான். தாங்குமான்னு மிஸி கேட்டா ‘போலே’. பொறுக்கலாமான்னு கேட்டாலும் ‘போலே’. ரொம்ப மரியாதையா, எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே நின்னா. புள்ள உசிரோட வரல.”

தனுஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அடிப்பாவி! அவளைச் சும்மாவா விட்டீங்க அத்தை?”

“விடலையே. இன்னிக்கு உங்கூட அனுப்பி வச்சேன்.”