கட்டை விரலுக்கு எட்டும் தூரம்

பந்து உள்ளே இறங்க மறுத்தது.

மேலே பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உருண்டை. அதைத் தாங்கும் கூடோ அரைச் சாண் ஆழம். அது இறங்க வேண்டியதோ மேஜை மேல் வைக்கும் சின்ன வீடியோ கேம் பெட்டி. வயிறே கிடையாது.

நடுவில் வைத்தால் பவர் சப்ளை இடித்தது. ஓரத்தில் வைத்தால் ஸ்பீக்கர் இடித்தது.

அவன் அசரவில்லை. சமையலறை அலமாரி செய்கிறவன். எலி நுழைய யோசிக்கும் மூலையிலும் ஒரு டிராயரை நுழைத்துவிடுவான் என்று பெயர்.

எந்த வீட்டில் கால் வைத்தாலும், டேப்பை எடுப்பதற்கு முன்னால் அவன் கேட்பது ஒன்றுதான்.

"உங்களுக்கு எந்தக் கை வாகும்மா?"

அலமாரிக் கதவு அந்தக் கைக்குத் தோதாகத் திறக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று வீட்டுக்காரிகள் சிரிப்பார்கள்.

இந்தப் பெட்டி அக்காவுக்கு.

பள்ளிக்கூட நாட்களில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பந்தை உருட்டிச் சுடும் ஆட்டத்தில் அக்காவை அசைக்க ஆள் கிடையாது. "புயல் வந்துடுச்சுடா" என்று பையன்கள் தாமாக இடம் விடுவார்கள். அவன் அவளுக்கு வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பான். அங்கே நின்றால்தான் பந்தை உருட்டும் அந்த வலது கை நன்றாகத் தெரியும்.

போன மாதம் அந்தப் புயல் குளியலறையில் சரிந்து விழுந்தது.

மூளையில் ரத்தக்கட்டு என்று அக்காவின் கணவர், மாமா, போனில் சொன்னார். உயிர் தப்பியதே பெரிது. ஒரு கை வரவில்லை. ஒரு கால் இழுக்கிறது. பேச்சு குழறுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் போனை அவளிடம் கொடுத்தார். "டே..." என்று ஒரு சத்தம் வந்தது. மீதி வரவில்லை. மூச்சுதான் கேட்டது.

சிக்னல் இல்லை என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலமே பிளைவுட் வாங்கினான்.

அதற்குப் பிறகு மாமாவிடம் மட்டும்தான் பேச்சு. எப்போது வருகிறாய் என்று கேட்டால், பெட்டியை முடித்து அதோடு வருகிறேன் என்பான். பெட்டிக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தான். ஒரு தடவையே போதும் என்று அவனுக்குத் தெரியும்.

இன்று காலையில் மாமாவே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"பெட்டி வருது, நீ வரேன்னு அவ வாசலையே பாத்துட்டு இருக்கா மாப்ள. இந்தப் பெட்டிக்கு நீ பூட்டு சாவி எல்லாம் போடறதுக்குள்ள நானே தூக்கிட்டுப் போறேன்."

"பந்து மட்டும்தான் மாமா பாக்கி. உக்காருங்க."

அவன் ஸ்பீக்கரைக் கழற்றி இடப்பக்கம் ஒதுக்கினான். காலியான வலது மூலையில் வட்டம் அறுத்தான். கூட்டைக் கால்வாசி திருப்பிப் பிடித்ததும் அது உள்ளே இறங்கி அமர்ந்தது. அளவு எடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

சுடுகிற பட்டனைப் பந்துக்கு இடது ஓரத்தில் வைத்தான். உள்ளங்கையைப் பந்தின் மேல் வைத்தால் கட்டை விரல் தானாக அதில் விழும். ஒரே கை போதும். இன்னொரு கைக்கு வேலையே இல்லை. அவனுடைய யோசனை எல்லாம் அதுதான்.

மாமா பந்தின் மேல் கையை வைத்தார். உருட்டினார். திரையில் ஒரு பாறை வெடித்தது.

"அடேயப்பா! எனக்கே வருதே!" என்று எழுந்து நின்றார். "இப்பல்லாம் என்னைக் கண்ணாலயே அதட்டறாடா. இனிமே அந்தக் கண்ணு திரைல இருக்கும். நான் தப்பிச்சேன்!"

அவனுக்கும் சிரிப்பு வந்தது. போன மாதத்திலிருந்து வராத சிரிப்பு.

மாமா இன்னொரு பாறையைச் சுட்டார். அப்புறம் உருட்டுவதை நிறுத்தினார்.

பந்தைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார்.

வலது கையை மெதுவாகப் பந்திலிருந்து எடுத்து, அசைவில்லாமல் பக்கத்தில் தொங்கவிட்டார்.

இடது கையைக் குறுக்கே நீட்டி, பந்தின் மேல் வைத்தார். முழங்கை நடுவில் நின்ற ஜாய்ஸ்டிக் குச்சியில் இடித்தது. பந்து உருண்டது. கட்டை விரல் பட்டனைத் தேடியது.

அந்தப் பக்கம் பட்டன் இல்லை. பெட்டியின் பக்கப் பலகைதான் இருந்தது.

விரல் புதுப் பெயின்டைத் தடவிக்கொண்டே இருந்தது. திரையில் பாறைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"பரவால்ல மாப்ள," என்றார் மாமா, அவன் முகத்தைப் பார்க்காமல். "பழகிக்குவா."

அவன் மேல் பலகையைப் பார்த்தான். இடப்பக்கம் ஸ்பீக்கருக்கு அறுத்த ஓட்டைகள். நடுவில் குச்சி. இன்னொரு வட்டத்துக்கு இடம் இல்லை.

"மாமா," என்றான். "அக்காவுக்கு... எந்தக் கை?"



எந்த வீட்டில் கால் வைத்தாலும் அவன் முதலில் கேட்கிற கேள்வி.

அக்கா வீட்டில் அவன் இன்னும் கால் வைக்கவில்லை.