நேசமணியின் எண்ணிக்கை

மதராஸில் வைத்தியம் படிக்கும் நேசமணி, செய்முறைப் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். நிறைமாத ஷரீபா பீவியின் வயிற்றில் மரக்குழலை வைத்து, பிள்ளையின் இதயத்துடிப்பை எண்ணினாள்.

“நிமிஷத்துக்கு நூத்தி இருவது, டாக்டரம்மா.”

“நான் எண்ணினது நூத்தி நாப்பத்தஞ்சு. திரும்ப எண்ணு.”

மறுபடியும் நூற்றி இருபதுதான் வந்தது.

“எண்ணவே தெரியலன்னு ஒன் வைத்தியப் பள்ளிக்கு எழுதட்டுமா?” டாக்டரம்மாவின் குரல் கடுத்தது.

ஷரீபா பயந்துபோனாள். “எம் புள்ளைக்கு எதும் கொறையாம்மா?”

டாக்டரம்மாவின் கணக்குக்கே ஆமாம் போட்டுவிட்டால் தப்பிக்கலாம். நேசமணிக்கு மனம் ஒப்பவில்லை. “நீங்க வலப்பக்கம் வச்சிய, நான் இடப்பக்கம் வச்சேன். ரெண்டு பேரும் சேந்து எண்ணுவோமா?”

இருவரும் ஆளுக்கொரு குழலோடு குனிந்தார்கள். ஒரு நிமிஷத்துக்குப் பின்னும் இருவர் கணக்கும் மாறவில்லை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “ரெண்டுமே சரிதான். ஷரீபா, உள்ள ரெட்டப் புள்ள! ரெண்டு தொட்டில் கட்டச் சொல்லு.”